வெர்லின் முன்னால் கவிழ்த்து வைத்த கிளாஸ்கள்

எங்கள் ஊருக்கு எதிலும் முதலிடம் கிடைத்ததில்லை. பள்ளிக்கூடக் கால்பந்து அணி தோற்பதற்காகவே வருடா வருடம் பக்கத்து ஊருக்குப் போய் வரும். சீஸ் போட்டியில் ஒருமுறை ஆறுதல் ரிப்பன் வந்தது, அதுவும் தபாலில் கசங்கி. அப்பேர்ப்பட்ட ஹோல்ம் லேக்கை, விஸ்கான்சின் மாநிலத்திலேயே அதிகம் குடிக்கும் ஊர் என்று ஏதோ ஓர் இணையதளம் அறிவித்தபோது நாங்கள் வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கப்படலாமா என்று யோசிப்பதற்குள் டி-ஷர்ட் அச்சாகி வந்துவிட்டது.

எப்படிக் கணக்கிட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாலு சர்ச்சுக்குப் பதினோரு பார் இருக்கிற ஊரில் அப்படியெல்லாம் கேட்டால் கேட்பவனுக்குத்தான் அசிங்கம். பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். தெரிவித்த கையோடு, சர்ச் திருவிழாவின் பீர் கூடாரத்தில் ஊற்றிக் கொடுக்க இரண்டு பேர் குறைகிறார்கள் என்றும் அறிவித்தார். உடனே ஐந்து கை உயர்ந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது வெர்லின் ஹாபெக்கைப் பற்றி. அந்த முதலிடத்துக்கு ஒரு சொட்டுகூடப் பங்களிக்காமல், அதன் முகமாகிப்போன மனிதர்.

வெர்லின் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். உயரமான ஆள், பஸ்ஸுக்குள் குனிந்து குனிந்து பஸ்ஸுக்கு வெளியேயும் கொஞ்சம் குனிந்தே நடப்பார். ஷூ லேஸ் கட்டத் தெரியாத பிள்ளை ஓடிவந்தால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். பண்ணை நாய்களுக்குக் கொடுக்கச் சட்டைப்பையில் பிஸ்கட் இருக்கும். மனைவி ஜோன் ஒரு குளிர்காலம் வெயில் தேடி அரிசோனாவுக்குப் போனவள், அந்த வெயிலோடேயே தங்கிவிட்டாள். அதிலிருந்து அவருக்கு இரண்டே இடங்கள்தான்: காலையில் பஸ், வெள்ளிக்கிழமை சாயங்காலம் டார்லாவின் பார்.

பாரில் கதவிலிருந்து மூன்றாவது ஸ்டூல் வெர்லினுடையது. நான்காவது, டயர் கடை வைத்திருக்கும் கோர்டி லெம்கேயுடையது. கோர்டி பேசுவார், வெர்லின் கேட்பார். வறுத்த மீன் வரும், தோல் குவளையில் பகடை உருளும், கறி பரிசாகத் தரும் சீட்டுக் குலுக்கலில் யாருக்காவது பன்றித் தொடை விழும். முடிந்ததும் கோர்டியின் வண்டியை வெர்லின்தான் ஓட்டிக்கொண்டுபோய் கோர்டியை வீட்டில் இறக்கிவிட்டு, மூன்று தெரு தள்ளியிருக்கும் தன் வீட்டுக்கு நடந்து போவார். கோர்டி வீட்டுக்குப் போகிற வழியில் அதே வண்டியில் இன்னும் இரண்டு பேரையும் இறக்கிவிடுவதுண்டு. "அவன் கை நிதானம்" என்பார்கள். அதற்குமேல் யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

இங்கே ஒரு வழக்கம். கையில் ஏற்கெனவே ஒரு கிளாஸ் வைத்திருப்பவருக்கு இன்னொருவர் வாங்கிக் கொடுத்தால், டார்லா ஒரு குட்டி கிளாஸை அவர் முன்னால் குப்புறக் கவிழ்த்து வைப்பாள். உனக்கு ஒன்று பாக்கி வரவேண்டும், உன்னை ஒருத்தன் நினைத்தான் என்று அர்த்தம். எங்கள் ஊர் ஆண்கள் கட்டிப்பிடிப்பதில்லை. உன்னைப் பிடிக்கும் என்று ஒருவன் வாயைத் திறந்து சொன்னால் அவனை டாக்டரிடம் கூட்டிப்போவோம். பனியைப் பற்றியும் மானைப் பற்றியும் பேசிவிட்டு, டார்லாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார்கள். கிளாஸ் கவிழும். அவ்வளவுதான் எங்கள் பாசம். வெர்லின் முன்னால் எந்த வெள்ளிக்கிழமையும் நாலைந்து கிளாஸ் கவிழ்ந்திருக்கும்.

அந்த நாலைந்தும் சோடாதான் என்பது டார்லாவுக்கு மட்டுமே தெரியும்.

எங்கள் ஊர் பானத்தில் சர்க்கரைக் கட்டி, கசப்புச் சாறு, நசுக்கிய ஆரஞ்சுத் துண்டு, செர்ரி, மேலே சோடா எல்லாம் உண்டு. பிராந்தியும் உண்டு. பிராந்தியை மட்டும் விட்டுவிட்டு நிறத்துக்கு இஞ்சி சோடாவை ஊற்றினால், மூக்கை உள்ளே விட்டுப் பார்க்காதவரை கண்டுபிடிக்க முடியாது. வெர்லின் குடியை நிறுத்தி ஒன்பது வருடமாகியிருந்தது. அவருடைய கிளாஸை மட்டும் டார்லா முதுகைத் திருப்பிக்கொண்டு கலப்பாள். அவளும் காட்டிக்கொடுக்கவில்லை, அவள் முதுகும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஏன் மறைத்தார் என்று கேட்கலாம். லெனார்டைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். கூட்டுறவுக் கடையில் தீவனம் விற்கும் லெனார்ட், ஈரல் கெட்டுப்போய் நிறுத்தியதை வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு வாரம் பாராட்டினோம். மூன்றாவது வாரம் அவருக்குப் பக்கத்து ஸ்டூல் காலியானது. இப்போது அவர் சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி குடித்துக்கொண்டு, ஆயிரம் துண்டுப் புதிர்ப்படங்களைக் கோர்க்கிறார். யாரும் அவரை விரட்டவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

முதலிடம் வந்த வாரம், நகரத்திலிருந்து டிவிக்காரர்கள் வந்தார்கள். பிரியானா என்று ஒரு சின்னப் பெண், கேமராவைத் தூக்க ஓர் ஆள். நல்ல பெண்தான். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். கேமரா நேராக மூன்றாவது ஸ்டூலுக்குப் போனது. அங்கேதான் கிளாஸ்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. படத்துக்கு அழகாக இருந்தது.

"சார், உங்க முன்னாடி ஏன் இத்தனை கிளாஸ் கவுந்து கெடக்கு?"

வெர்லின் வாயைத் திறப்பதற்குள் கோர்டி புகுந்துவிட்டார். "அதெல்லாம் அவன் இனிமே குடிக்கவேண்டியதும்மா! இப்பதான ஆரம்பிச்சிருக்கான்!"

பாரே சிரித்தது.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க சார்?"

"ஸ்கூல் பஸ் ஓட்டுறேன்."

"இவ்வளவு குடிக்கிற ஊருன்னு சொல்றாங்களே, உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

வெர்லின் கொஞ்சம் யோசித்தார். பிறகு கிளாஸைத் தூக்கிக் காட்டி, "இந்த ஊருல யாரையும் தனியா உக்காந்து குடிக்க விடமாட்டாங்கம்மா. அதுதான் எனக்குத் தெரியும்" என்றார். அவர் மனதாரச் சொன்ன வார்த்தை அது. தனியாகக் காபி குடிக்கும் லெனார்ட் ஞாபகத்துக்கு வந்துதான் சொன்னாராம், பிற்பாடு டார்லாவிடம் சொன்னார்.

அன்றிரவே டிவியில் வந்தபோது முதலில் கிளாஸ்கள், பிறகு கோர்டியின் சிரிப்பு, பிறகு வெர்லின் தூக்கிய கை. அதற்கு அடுத்து மஞ்சள் பஸ் ஒன்று பனிக்குள் போகிறது. "திங்கள்கிழமை காலை உங்கள் குழந்தைகளை ஏற்றிச் செல்வது இவர்தான்" என்றது ஒரு குரல். பொய் என்று எதையும் சொல்ல முடியாது. எல்லாம் நடந்தவைதான். வரிசைதான் டிவியினுடையது.

சனிக்கிழமை முழுக்க ஊரே அவரைப் பார்த்துக் கையசைத்தது. ஞாயிற்றுக்கிழமை நகரத்து மக்கள் எழுத ஆரம்பித்தார்கள். கையில் ஒயின் கிளாஸோடு படம் போட்டிருந்த ஒருவர் 'பிஞ்சுகளின் உயிரோடு விளையாட்டா?' என்று எழுதி, அதை ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்தார்கள். திங்கள்கிழமை எங்கள் ஊர்த் தாய்மார்களுக்கும் கோபம் வந்துவிட்டது. நம்மை எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் வருகிற கோபம் அது. முதலில் புகார் கொடுத்த அம்மா, போன வெள்ளிக்கிழமைதான் தன் பதினாறு வயதுப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து மீனும் பீரும் வாங்கிக் கொடுத்திருந்தாள். அம்மா பக்கத்தில் இருந்தால் எங்கள் மாநிலத்தில் அது சட்டப்படி சரி.

பள்ளி வாரியம் வெர்லினை பஸ்ஸிலிருந்து இறக்கி வைத்து, செவ்வாய்க்கிழமை விசாரணை என்றது. அவர் மூச்சிலும் ரத்தத்திலும் ஒன்றுமில்லை என்று வருடா வருடம் பரிசோதித்த காகிதங்கள் வாரியத்திடமே இருந்தன. ஆனால் காகிதத்தை யார் டிவியில் பார்த்தார்கள்?

விசாரணைக்கு முதல் நாள் மதியம், பார் திறக்குமுன், டார்லா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"சொல்லிடு வெர்லின். 'அதுல பிராந்தி இல்ல.' இவ்வளவுதான. மூச்சு விடுற நேரம்கூட ஆகாது."

"சொல்லலாம். அப்புறம் வெள்ளிக்கிழமை எங்க போறது?"

"எங்க போவ? இங்கதான் வருவ."

"லெனார்டும் வந்தான்ல?"

டார்லா துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்தாள். "அதுக்காக பஸ்ஸை விட்டுருவியா?"

"பஸ் இல்லன்னா காலையில எந்திரிக்க எனக்குக் காரணமில்ல டார்லா. இந்த ஸ்டூல் இல்லன்னா சாயங்காலம் வீட்டைவிட்டு வெளிய வர காரணமில்ல. ரெண்டுல எதை வெட்டுறதுன்னு நீயே சொல்லு."

இரண்டையுமே வெட்டவேண்டாம் என்றாள். பேசாமல் இருந்து பார்ப்போம், பரிசோதனைக் காகிதமே காப்பாற்றிவிடும் என்று முடிவு செய்தார்கள். கோர்டி ஆதரவாகப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார் என்றும் வெர்லின் சொன்னார். கோர்டியா என்று டார்லா இரண்டு தரம் கேட்டாளாம்.

விசாரணை பள்ளி உணவுக்கூடத்தில். பிள்ளைகளுக்கான தாழ்ந்த பெஞ்சில், ஊர்ப் பெரியவர்கள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கூடம் முழுக்கச் சாக்லேட் பால் வாடை. வாரியத் தலைவி மார்லிஸ் தோர்சன் நேர்மையானவர். அவர் கணவர் மாவட்டம் முழுக்க பீர் பீப்பாய் சப்ளை செய்பவர்.

"பரிசோதனையில ஒண்ணும் இல்லங்கறது எங்களுக்குத் தெரியும், வெர்லின். பிரச்சினை அது இல்ல. பிள்ளைங்க பாக்குறப்ப எப்படித் தெரியுதுங்கறதுதான்."

வெர்லின் தலையாட்டினார். கோர்டி எழுந்தார். அன்றைக்குச் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார்.

"மார்லிஸ், இருபது வருஷமா நான் இவன் பக்கத்து ஸ்டூலு. இவன் குடிக்கிறதை என்னைவிட அதிகமா பாத்தவன் எவனும் இல்ல. ஆறு பிராந்தி உள்ள போகும். கை நடுங்காது, நாக்கு குழறாது. எந்திரிச்சு என் வண்டியை எடுத்து, என்னைப் பூ மாதிரி வீட்டுல எறக்கிவிட்டுட்டுப் போவான். கொட்டுற பனியிலயும்! இந்த மாவட்டத்துல இவ்வளவு நிதானமா குடிச்சிட்டு ஓட்டுற இன்னொருத்தனைக் காட்டுங்க, நான் கடையை மூடிடுறேன்!"

கூடம் கைதட்டியது. ஒருவர் விசிலடித்தார். மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கோர்டி, நீங்க யாருக்கு ஆதரவா பேசுறீங்க?" என்று கேட்டார்.

"இவனுக்குத்தான்! வேற யாருக்கு?"

வாரியத்தில் ஒருவர் குனிந்து எதையோ எழுதினார். பஸ் கைவிட்டுப் போய்விட்டது என்பது கடைசி பெஞ்சுக்குக்கூடத் தெரிந்தது. கோர்டிக்கு மட்டும் தெரியவில்லை. வென்றுவிட்டோம் என்று வெர்லினைப் பார்த்துக் கண்ணடித்தார்.

டார்லா எழுந்தாள். "கை ஏன் நடுங்கலன்னு நான் சொல்றேன்."

"டார்லா, வேணாம்" என்றார் வெர்லின்.

"ஒம்போது வருஷமா என் பாருல இவன் ஒரு சொட்டுப் பிராந்தி தொட்டதில்ல. இஞ்சி சோடா. நான்தான் கலந்து குடுத்தேன். நீங்க எவன் வாங்கிக் குடுத்தாலும் அதேதான். சோடாவுக்கு மேல உங்ககிட்ட நான் வாங்கினதும் இல்ல. பில்லை எவனாவது பாத்தீங்களா?"

ஒவ்வொருவரும் தாங்கள் வாங்கிக் கொடுத்த கிளாஸை மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மார்லிஸ்தான் முதலில் பேசினார். "ஏன் நிறுத்தினீங்க, வெர்லின்?"

வெர்லின் எழுந்து நின்றார். கூரை உயரமாக இருந்தும் குனிந்தே நின்றார்.

"ஒரு வெள்ளிக்கிழமை நல்லா குடிச்சேன். விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு பஸ்ஸை எடுத்துட்டுப் போயிட்டேன். எல்லா நிறுத்தத்துலயும் நின்னேன். கதவைத் திறந்தேன், காத்திருந்தேன், மூடினேன். ஒரு பிள்ளையும் ஏறல. அது எனக்கு வித்தியாசமாவே படல. பெக்கர் பண்ணையில கதவைத் திறந்தப்ப அவங்க நாய் ஏறி முன் சீட்டுல உக்காந்து என்னையே பாத்துச்சு. அப்பதான் அன்னிக்கு சனிக்கிழமைன்னு உறைச்சுது. எனக்கு இன்னும் போதை எறங்கலன்னும் உறைச்சுது. அது சனிக்கிழமையா இல்லாம..."

அதற்குமேல் கேட்கவில்லை. கூடம் வெடித்துச் சிரித்தது.

"நாயை எத்தனாவது வகுப்புல சேத்தடா?" என்று யாரோ கத்தினார்கள்.

"மத்தியான சாப்பாடு போட்டீங்களா அதுக்கு?"

மார்லிஸ்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். வெர்லின் சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். ஷூ லேஸ் கட்டாத பிள்ளைக்குக் காத்திருப்பதுபோல. அடங்கியபோது யாருக்கும் மிச்சத்தைக் கேட்கும் பொறுமை இல்லை. அது பழங்கதை என்று வாரியம் தள்ளிவிட்டது. பஸ் அவருக்கே என்று எல்லோரும் கை தூக்கினார்கள். குடித்துவிட்டு ஓட்டியதை எங்கள் ஊர் ஒரு சிரிப்பில் மன்னித்தது.

இன்னொன்றை மன்னிக்கவில்லை. வாசலில் கோர்டி நின்றுகொண்டிருந்தார்.

"என் பொண்ணு கல்யாணத்துல?"

"சோடாதான்."

"அந்தப் பன்னெண்டு கிளைக் கொம்பு மானைச் சுட்டேனே, அன்னிக்கு?"

"சோடாதான் கோர்டி."

"எங்கப்பாவைப் புதைச்சிட்டு வந்த அன்னிக்கு? ரெண்டு பேரும் கட்டிக்கிட்டு அழுதோமேடா."

"சோடாதான். ஆனா அழுதது நெஜம்."

கோர்டி தொப்பியைக் கையில் சுருட்டினார். "உனக்கு நெஜம். நான் போதையில அழுதேன். போதைதான அழவச்சுதுன்னு மறுநா காலையில தைரியமா எந்திரிச்சேன். நீயும் அதேமாதிரிதான் இருந்திருப்பேன்னு நெனச்சேன். நீ தெளிவா உக்காந்து பாத்துட்டு இருந்திருக்க."

வெர்லின் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்ததும் உண்மைதான். அன்றைக்குக் கோர்டியைத் தாங்கி வண்டியில் ஏற்றி, வீட்டில் ஷூவைக் கழற்றிப் படுக்கவைத்ததும் அவர்தான். இரண்டாவதைச் சொல்லிக்காட்டுகிற மனிதர் அல்ல.

அடுத்த வெள்ளிக்கிழமை பாருக்குப் போனார். மூன்றாவது ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது. கோர்டி திரும்பிப் பார்த்து, "வாங்க வெர்லின்" என்றார்.

இருபது வருடமாக 'டேய்' என்று கூப்பிட்ட வாய். அந்த மரியாதையைக் கேட்டதும் டார்லா கையிலிருந்த மீன் தட்டை அப்படியே வைத்துவிட்டாள். பேச்சு மரியாதையாகவே போனது. பனி குறைந்துவிட்டது என்றார்கள். பஸ் நன்றாக ஓடுகிறதா என்று கேட்டார்கள். கோர்டி எல்லோருக்கும் ஒரு சுற்று சொன்னார். டார்லா வரிசையாகக் கிளாஸ் கவிழ்த்துக்கொண்டே வந்தாள். மூன்றாவது ஸ்டூலில் அவள் கை நின்றது.

"அவருக்கு வேணாம், பாவம். உடம்புக்கு ஆகாது" என்றார் கோர்டி. கிண்டல் இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து, வெர்லின் ஒரு காரியம் செய்தார். அவரே எல்லோருக்கும் ஒரு சுற்று சொன்னார். குட்டி கிளாஸ்கள் ஒவ்வொருவர் முன்னாலும் கவிழ்ந்தன. நன்றி சொன்னார்கள். மீன் முடிந்தது, பகடை முடிந்தது, கைக்காசுக்கு இன்னொன்றும் வாங்கிக் குடித்தார்கள். கவிழ்த்த கிளாஸை மட்டும் ஒருவரும் நிமிர்த்தவில்லை.

"எடுத்துக்கங்கப்பா" என்றாள் டார்லா.

"குடிக்காதவர் வாங்கித் தர்றதை எப்படி டார்லா குடிக்கிறது? தொண்டையில எறங்குமா?" என்றார் கோர்டி.

அதற்குப் பிறகு வெர்லின் வெள்ளிக்கிழமைகளில் மீனைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு போனார். பிரியானா ஒருமுறை வந்து அவரைப் பற்றி இன்னொரு செய்தி எடுத்தாள். திருத்தம் போடவேண்டும் என்று அவளுக்கு மனசு உறுத்தியிருக்கிறது. 'மது இல்லாமல் ஒரு மாமனிதர்' என்ற அந்தச் செய்தி விடியற்காலையில், பால் கறக்கிற நேரத்தில் ஒளிபரப்பானது. முன்பு திட்டி எழுதிய நகரத்துக்காரர்களே அவருக்கு வாழ்த்து அட்டைகள் அனுப்பினார்கள். ஒரு பை நிறைய வந்தது. முகம் தெரியாதவர்கள் எல்லோருக்கும் அவரை இப்போது பிடித்திருந்தது.

பனி உருகுகிற மாதத்தில் எங்கள் வாரப் பத்திரிகையின் போலீஸ் பத்தியில் கோர்டி லெம்கேயின் பெயர் வந்தது. வெள்ளிக்கிழமை, பாரிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில், வண்டி பள்ளத்தில். கையில் எலும்பு முறிவு, வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டது முதல் தடவை என்பதால் எங்கள் மாநிலத்தில் அபராதச் சீட்டும், சில மாதம் லைசென்ஸ் இல்லாமல் இருப்பதும்தான். இருபது வருடத்தில் இது எப்படி முதல் தடவையானது என்று பத்திரிகை கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் மூன்றாவது ஸ்டூலில் போய் நின்றிருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோர்டி கட்டுப்போட்ட கையோடு உள்ளே நுழைந்தபோது பார் எழுந்து நின்று கைதட்டியது. ஆளாளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். அவர் முன்னால் கிளாஸ்கள் இரண்டு வரிசையாகக் கவிழ்ந்தன. படத்துக்கு அழகாகத்தான் இருந்தது. கேமரா எதுவும் வரவில்லை.

மீன் தட்டுகளை எடுக்கும் நேரத்தில் பார் ஃபோன் அடித்தது. வெர்லின்.

"அவன் வீட்டுக்கு எப்படிப் போறான் டார்லா?"

"யாரோ கொண்டுவிடுறேன்னு சொல்லிட்டு இருக்காங்க."

"குடிச்சிருக்காங்களா?"

"இது என்ன கேள்வி வெர்லின்?"

"நான் வர்றேன்னு சொல்லு. உள்ள வரமாட்டேன். வந்து வெளிய வண்டியிலயே இருந்துக்கறேன்."

டார்லா ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள். கோர்டி கவிழ்ந்திருந்த கிளாஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கையை மேஜையில் ஊன்றினார். எழுந்துவிடுவார் என்றுகூட டார்லா நினைத்தாள்.

"வேணாம்னு சொல்லு. அவர் நல்ல மனுஷன். நம்மளால அவருக்கு எதுக்குச் சிரமம்?"

டார்லா ஃபோனை மறுபடி காதில் வைத்தாள். "அவன் கெளம்பிட்டான் வெர்லின். லெனார்ட் வந்து கூட்டிட்டுப் போயிட்டான்" என்றாள்.

"அப்படியா? நல்லதாப்போச்சு" என்றார் வெர்லின். அவர் குரலில் நிஜமாகவே நிம்மதி இருந்தது. அவள் பின்னால் கோர்டியின் சிரிப்பு அவருக்குக் கேட்டதா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.